விதி என்னும் அனாமத்துக் கணக்கு

பி.காம் முதல் வருடம் தாண்டிய எல்லோருக்கும் அனாமத்துக் கணக்கு தெரியும். இருப்பாய்வு போடும்போது பற்றுப் பக்கமும் வரவுப் பக்கமும் ஒத்துப் போகாது. எங்கே பிழை என்று தேடிக் கொண்டிருக்க நேரம் இருக்காது. வித்தியாசத் தொகையைத் தூக்கி அனாமத்துக் கணக்கில் போட்டால் இரண்டு பக்கமும் சமமாகிவிடும். ஆனால் அது தற்காலிக ஏற்பாடு. பிழை தெரிந்ததும் தொகையை உரிய கணக்குக்கு மாற்றி, அனாமத்தை முடித்துவிட வேண்டும். முடிக்காமல் வருடக் கணக்கில் இழுத்துக் கொண்டே போனால் தணிக்கையாளர் சும்மா விட மாட்டார். யாரோ எதையோ மறைக்கிறார்கள் என்றுதான் நினைப்பார்.

காதல் கதைகளில் வரும் 'விதி' என்பது அப்படி ஒரு அனாமத்துக் கணக்குதான். இரண்டு பேர் சாகிறார்கள். யார் செய்தது, யார் செய்யாமல் விட்டது என்று எழுத வேண்டிய இடத்தில் "விதி" என்று ஒரு வரி போட்டுக் கணக்கை மூடிவிடுகிறார்கள். பட்டிமன்ற மேடையும் அதைத்தான் செய்கிறது, பாட நோட்ஸும் அதைத்தான் செய்கிறது, டீக்கடையும் அதைத்தான் செய்கிறது. "என்ன பண்றது, அவங்க தலையெழுத்து அப்படி" என்று சொல்லிவிட்டு அடுத்த பேச்சுக்குப் போய்விடலாம். எவ்வளவு சௌகரியம், பாருங்கள்!

சின்ன உதாரணத்தில் தொடங்கலாம். அம்பிகாபதி அமராவதி கதை எல்லோருக்கும் தெரிந்ததுதான். சிற்றின்பம் கலக்காமல் நூறு பாடல் பாடினால் அரசன் மகள் உனக்கு, தவறினால் தலை போகும் என்பது நிபந்தனை. காப்புச் செய்யுளையும் ஒரு பாடலாக எண்ணிக் கொண்டு, நூறு முடிந்தது என்று அமராவதி எட்டிப் பார்த்தாள். அவளைக் கண்டதும் அம்பிகாபதி காதலைப் பாடினான். தலை போயிற்று. கதை சொல்கிறவர்கள் எல்லோரும் இந்த இடத்தில் "விதி விளையாடியது" என்பார்கள். எண்ணிக்கை ஒன்று பிசகியது உண்மைதான். ஆனால் ஒரு எண்ணிக்கைப் பிழைக்கு மரண தண்டனை என்று விதிமுறை போட்டது யார்? அது வானத்திலிருந்து விழவில்லையே. சோழ அரசன் உட்கார்ந்து யோசித்துப் போட்ட நிபந்தனை அது. கவிஞனுக்கு மகளைக் கொடுக்க மனமில்லாத அப்பன் கண்டுபிடித்த வழி அது. நூறும் சரியாக முடிந்திருந்தால் நூற்றியொன்று கேட்டிருப்பான். இதில் விதிக்கு என்ன வேலை?

வெளியூர் சரக்கையும் பார்த்துவிடலாம். ரோமியோ ஜூலியட் என்றதும் "நட்சத்திரங்கள் சரியில்லை" என்கிறார்கள். ஷேக்ஸ்பியரே நாடகத்தின் முன்னுரையில் அந்தப் பேச்சை எடுத்துக் கொடுக்கிறார். கடிதம் கொண்டு போன துறவி, தொற்று நோய்ச் சந்தேகத்தால் ஒரு வீட்டுக்குள் அடைக்கப்பட்டதால் கடிதம் போய்ச் சேரவில்லை. அது தற்செயல்தான், ஒப்புக் கொள்ளலாம். ஆனால் ஒரு கல்யாணம் ஏன் ரகசியக் கடிதத்தை நம்பி நிற்க வேண்டியிருந்தது? ஒரு பெண் ஏன் செத்தது போல் நடித்துத் தன் வீட்டைவிட்டு வெளியேற வேண்டியிருந்தது? இரண்டு குடும்பத்துப் பகை. அவ்வளவுதான். கடைசிக் காட்சியில் வெரோனாவின் இளவரசர் நட்சத்திரத்தைத் திட்டவில்லை. இரண்டு குடும்பத் தலைவர்களையும் கூப்பிட்டு, உங்கள் பகை செய்த வேலையைப் பாருங்கள் என்கிறார். அந்தப் பகையைக் கண்டும் காணாமல் விட்டதால் தானும் உறவினர்களை இழந்ததாகச் சொல்கிறார். நாடகத்தின் முதல் பக்கத்தை மட்டும் படித்துவிட்டுக் கடைசிப் பக்கத்தை விட்டவர்கள்தான் விதி விதி என்கிறார்கள்.

இனி சொந்த ஊர்க் கதை. சிதம்பரத்திலிருந்து சீர்காழி வழியாகப் போனால் பூம்புகார். மாசாத்துவான் மகன் கோவலனும் மாநாய்கன் மகள் கண்ணகியும் வாழ்ந்த புகார். இரண்டுமே வணிகக் குடும்பங்கள். சிலப்பதிகாரத்தைக் காமர்ஸ் மாணவர்கள் சொந்தம் கொண்டாடினால் யாரும் மறுக்க முடியாது. நொடித்துப் போன ஒரு வியாபாரி, மிச்சமிருக்கும் ஒரே சொத்தான சிலம்பை முதலாகப் போட்டு, வேறு ஊரில் தொழில் தொடங்கப் புறப்பட்ட கதைதானே அது.

மதுரையில் என்ன நடந்தது? வரிசையாக எழுதிப் பார்க்கலாம். அரசியின் சிலம்பை ஏற்கனவே திருடி வைத்திருந்த பொற்கொல்லனிடம் கோவலன் தெரியாமல் போய் விலை கேட்கிறான். தன் திருட்டை மறைக்க ஆள் கிடைத்தான் என்று பொற்கொல்லன் அரண்மனைக்கு ஓடிப் பொய்ப் புகார் கொடுக்கிறான். அரசனோ ஊடல் கொண்ட மனைவியைச் சமாதானப்படுத்தப் போகிற அவசரத்தில் இருக்கிறான். குற்றம் சாட்டப்பட்டவனைக் கூப்பிட்டு ஒரு வார்த்தை கேட்கவில்லை. சிலம்பு அவன் கையில் இருந்தால் கொன்றுவிட்டு எடுத்து வா என்கிறான். போன காவலர்களில் ஒருவனுக்கு, இந்த முகம் திருடன் முகமாகத் தெரியவில்லையே என்று சந்தேகம் வருகிறது. பொற்கொல்லன் பேசிப் பேசியே அந்தச் சந்தேகத்தை அடித்துப் போடுகிறான். அவர்கள் பேசிக் கொண்டிருக்கும்போதே, குடியில் இருந்த வேறொருவன் வாளை வீசிவிடுகிறான்.

பொய்ப் புகார், விசாரணை இல்லாத உத்தரவு, சந்தேகம் வந்தும் நிறுத்தாத காவலர், குடிபோதையில் ஒரு கொலை. நான்கு பதிவுகள், நான்குக்கும் ஆள் பெயர் உண்டு. வித்தியாசத் தொகை எங்கே? அனாமத்துக்கு அவசியம் எங்கே?

"காப்பியமே ஊழ்வினை பற்றித்தான் என்று இளங்கோ சொல்லியிருக்கிறாரே" என்று உடனே ஒருவர் எழுந்து நிற்பார். நியாயமான கேள்வி. பதிகத்தில் மூன்று நோக்கங்கள் சொல்லப்படுகின்றன. ஊழ் விடாது வந்து பலன் தரும் என்பது அதில் மூன்றாவது. முதலாவது என்ன? ஆட்சியில் தவறு செய்தவனுக்கு அறமே எமனாக வரும் என்பது. முதல் இடத்தில் அரசின் பொறுப்பை வைத்தார் ஆசிரியர். படிக்கிறவர்கள் முதலாவதை விட்டுவிட்டு மூன்றாவதை மட்டும் தலைப்பாக்கிக் கொண்டார்கள். காப்பியம் முழுக்க ஊழ் பேசப்படுகிறது என்பதை மறுக்க வேண்டியதில்லை. யார் பேசுகிறார்கள், எப்போது பேசுகிறார்கள் என்று பார்த்தால் போதும்.

கோவலன் கொலைக்கு முற்பிறவிக் காரணத்தை விளக்கமாகச் சொல்வது யார் தெரியுமா? மதுராபதித் தெய்வம். அது யாருடைய தெய்வம்? பாண்டியர்களின் குலதெய்வம். எப்போது சொல்கிறது? ஊர் பற்றி எரிந்த பிறகு. கண்ணகியின் முகத்துக்கு நேரே நிற்கத் துணிவில்லாமல் பின்பக்கமாக வந்து நின்று சொல்கிறது. பாண்டியர்கள் நீதி தவறாதவர்கள் என்று பழைய கதைகளை எல்லாம் அடுக்கிவிட்டு, இது உன் கணவன் போன பிறவியில் செய்த வினை என்கிறது. இன்றைக்கு இதற்கு ஒரு பெயர் உண்டு: எதிர்த்தரப்பு வக்கீல் வாதம்! விதி என்ற வாதம் காப்பியத்திலேயே அரசன் தரப்பிலிருந்துதான் இவ்வளவு விரிவாக வருகிறது என்பதை ஏன் யாரும் நோட்ஸில் எழுதுவதில்லை?

அந்த முற்பிறவிக் கதை என்ன என்பது இன்னும் வேடிக்கை. கலிங்க நாட்டில் சங்கமன் என்ற வணிகன் மனைவி நீலியோடு சிங்கபுரத்துக்கு வியாபாரத்துக்கு வருகிறான். பரதன் என்ற அரச ஊழியன் அவனைப் பகை நாட்டு ஒற்றன் என்று பொய் சொல்லிக் கொடுக்கிறான். அரசன் விசாரிக்காமல் கொல்கிறான். நீலி பதினான்கு நாள் கதறிவிட்டு மலையிலிருந்து விழுந்து உயிரை விடுகிறாள். அந்தப் பரதன்தான் மறுபிறவியில் கோவலன். ஆக, விதி என்ற பெட்டியைத் திறந்து பார்த்தால் உள்ளே இருப்பதும் ஒரு பொய்ப் புகாரும், விசாரிக்காத ஓர் அரசனும்தான்! அன்றைக்கே அந்த வழக்கை ஒழுங்காக விசாரித்திருந்தால் இரண்டாவது கொலை நடந்திருக்காது. தண்டிக்கப்படாத பழைய குற்றத்துக்குத்தான் விதி என்று பெயர் வைத்திருக்கிறார்கள்.

பாண்டியன் நெடுஞ்செழியன் என்ன செய்தான்? கண்ணகி சிலம்பை உடைத்தாள். முத்துக்குப் பதிலாக மாணிக்கப் பரல் தெறித்தது. அவன் ஜாதகத்தைத் தூக்கவில்லை. பொற்கொல்லன் பேச்சைக் கேட்ட நான்தான் கள்வன் என்ற பொருளில் சொல்லிவிட்டு அந்த இடத்திலேயே உயிரை விட்டான். வெரோனா இளவரசர் தன் பங்கை ஒப்புக் கொண்டார். பாண்டியன் உயிரையே கொடுத்தான். இரண்டு பேரிலக்கியத்திலும் ஆட்சியில் இருந்தவர்களே பொறுப்பை ஏற்றுக் கொண்டார்கள். படிக்கிறவர்களுக்கு மட்டும் ஏன் விதி மேல் இவ்வளவு பாசம்?

"கதைக்குள் என்னவோ இருந்துவிட்டுப் போகட்டும், இதில் சண்டை போட என்ன இருக்கிறது?" என்று கேட்கலாம். இருக்கிறது. இதே கடலூர் மாவட்டத்தில் இன்னொரு கண்ணகி இருந்தார்.

விருத்தாசலம் பக்கத்தில் புதுக்கூரைப்பேட்டை. முருகேசன் கெமிக்கல் இன்ஜினியரிங் படித்தவர், தலித். கண்ணகி வணிகவியல் பட்டதாரி, வன்னியர், பஞ்சாயத்துத் தலைவரின் மகள். இருவரும் 2003 மே 5ஆம் தேதி கடலூர் பதிவு அலுவலகத்தில் கல்யாணத்தைப் பதிவு செய்தார்கள். வீட்டில் சொல்லவில்லை. ஜூலை 8ஆம் தேதி, கையெழுத்துப் போட்ட 64ஆவது நாள், சொந்த ஊர் மயானத்தில் இருவருக்கும் மூக்கிலும் காதிலும் விஷம் ஊற்றிக் கொன்று, உடல்களை எரித்தார்கள். பெண்ணின் குடும்பமே முன்னால் நின்று செய்தது. ஊர் பார்த்துக் கொண்டிருந்தது.

அடுத்து நடந்ததையும் வரிசையாக எழுதலாம். காவல் நிலையத்தில் உடனே வழக்குப் பதியவில்லை. பத்திரிகைகளில் செய்தி வந்த பிறகு, ஜூலை 17ஆம் தேதிதான் எஃப்.ஐ.ஆர். போட்டார்கள். அதிலும் அவரவர் பிள்ளையை அவரவர் குடும்பமே கொன்றது போல ஜோடித்து, மகனைப் பறிகொடுத்த முருகேசன் தரப்பினரையும் குற்றவாளிப் பட்டியலில் சேர்த்தார்கள். இரு பக்கமும் சமம் என்று காட்ட எப்படி ஒரு பதிவு! 2004இல் வழக்கு சி.பி.ஐ.க்குப் போன பிறகுதான் அந்தப் பொய் உடைந்தது. பிறகு வருடக் கணக்கில் இழுவை. சாட்சிகள் பலர் பிறழ்ந்தார்கள். 2021 செப்டம்பர் 24ஆம் தேதி கடலூர் நீதிமன்றம் 13 பேரைக் குற்றவாளிகள் என்றது. கண்ணகியின் அண்ணனுக்குத் தூக்கு, மற்ற 12 பேருக்கு ஆயுள். தண்டனை பெற்றவர்களில் இரண்டு பேர் காவல்துறையினர். 2022 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றம் தூக்கை ஆயுளாகக் குறைத்தது, இருவரை விடுவித்தது. 2025 ஏப்ரல் 28ஆம் தேதி உச்ச நீதிமன்றம் மேல்முறையீடுகளைத் தள்ளுபடி செய்து, போலீஸ்காரர்கள் உட்பட மற்றவர்களின் தண்டனையை உறுதி செய்தது. முருகேசனின் பெற்றோருக்கு 5 லட்சம் ரூபாய் இழப்பீடும் தரச் சொன்னது. கொலை நடந்து 21 வருடம் 9 மாதம் கழித்து.

இப்போது சொல்லுங்கள், இதில் எந்த இடத்தில் விதியை எழுதுவீர்கள்? விஷத்தை ஊற்றிய கைக்கா? பார்த்துக் கொண்டிருந்த கண்களுக்கா? ஒன்பது நாள் எழுதாமல் இருந்த பேனாவுக்கா?

உச்ச நீதிமன்றம் தன் தீர்ப்பில், இந்தக் குற்றத்தின் வேர் ஆழமாக ஊன்றிய சாதிப் படிநிலை என்று நேராகவே சொன்னது. அதைத்தான் அனாமத்தை முடித்து உரிய கணக்குக்கு மாற்றுவது என்பார்கள். விதி என்ற தலைப்பில் கிடந்த தொகை சாதி என்ற தலைப்புக்கு மாறியது. மாற்ற இத்தனை வருடம் ஆனதற்கு, "என்ன பண்றது, அவங்க நேரம்" என்று சொல்லிவிட்டு நகர்ந்த ஒவ்வொருவருக்கும் பங்கு உண்டு. விதி என்ற சொல் கொலையாளிக்கு ஆயுதம் எடுத்துக் கொடுப்பதில்லை. ஆனால் சாட்சியின் வாயை அடைக்கிறது. சாட்சி வாயை மூடினால் கொலையாளிக்கு வேறென்ன வேண்டும்?

எதிர்வாதங்களையும் பார்த்துவிடலாம்.

ஒன்று, "விதி என்பது ஆறுதல், அதையும் பிடுங்கிக் கொள்ளாதீர்கள்." பிள்ளையைப் பறிகொடுத்த தாய் தனக்குத் தானே சொல்லிக் கொண்டால் அது ஆறுதல். அதைக் கேள்வி கேட்க யாருக்கும் உரிமையில்லை. கொன்றவன் பக்கத்து வீட்டுக்காரன் சொன்னால் அது ஆறுதல் இல்லை, மூடி மறைத்தல். சொல் ஒன்றுதான், சொல்லும் வாய் வேறு. இதில் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். முருகேசனின் குடும்பம் அந்த ஆறுதலை எடுத்துக் கொண்டு வீட்டில் உட்கார்ந்துவிடவில்லை. பொய் வழக்கையும் தாங்கிக் கொண்டு கோர்ட்டில் நின்று சாட்சி சொன்னது.

இரண்டு, "தமிழ் மரபே விதியை நம்பும் மரபு." அரை உண்மை. திருக்குறளில் ஊழ் என்று 38ஆவது அதிகாரம் இருக்கிறது, சரி. ஆள்வினையுடைமை என்ற 62ஆவது அதிகாரமும் அதே புத்தகத்தில்தான் இருக்கிறது. அதன் கடைசிக் குறளில், அதாவது 620ஆவது குறளில், தளராமல் உழைப்பவர்கள் விதியையே புறமுதுகு காட்ட வைப்பார்கள் என்கிறார் வள்ளுவர். மரபு என்றால் இரண்டும் மரபுதான். ஒன்றை மட்டும் பொறுக்கி எடுப்பது வசதி.

மூன்று, "அறியாப் பருவம், பெற்றவர் பேச்சைக் கேட்டிருந்தால் உயிரோடு இருந்திருப்பார்கள்." இது விதிவாதத்தின் தம்பி. இருவரும் பட்டம் படித்தவர்கள், சட்டப்படி வயது வந்தவர்கள், அரசு அலுவலகத்தில் முறைப்படி கையெழுத்துப் போட்டவர்கள். இதைவிடப் பொறுப்பாக ஒருவர் எப்படிக் கல்யாணம் செய்ய முடியும்? செத்தவர்களிடம் அறிவு கேட்பவர்கள் கொன்றவர்களிடம் ஏன் கேட்பதில்லை?

கடலூர் கதை அதோடு நின்றிருந்தால்கூடப் பழைய வழக்கு என்று விட்டுவிடலாம். 2015இல் கோகுல்ராஜ். 2016 மார்ச் 13ஆம் தேதி உடுமலைப்பேட்டையில், பட்டப்பகலில், நடுத்தெருவில் சங்கர். 2025 ஜூலையில் பாளையங்கோட்டையில் கவின் செல்வகணேஷ், அவரும் மென்பொருள் வேலையில் இருந்த படித்த இளைஞர். ஒவ்வொன்றிலும் ஊர் வேறு, சாதிப் பெயர் வேறு, கிரகநிலைகூட வேறாகத்தான் இருந்திருக்கும். சாவின் வடிவம் மட்டும் ஒன்று. ஒரே பிழை ஒவ்வொரு வருடமும் ஒரே பக்கத்தில் வந்தால் அதைத் தற்செயல் என்று எந்தக் கணக்கரும் சொல்ல மாட்டார்.

விதியாக இருந்தால் தடுக்க முடியாது. இதுவோ தடுக்கக் கூடியது. 2018இல் சக்தி வாஹினி வழக்கில் உச்ச நீதிமன்றம், மிரட்டப்படும் ஜோடிகளுக்குப் பாதுகாப்பு இல்லம், மாவட்டந்தோறும் தனிப் பிரிவு, கடமை தவறும் அதிகாரி மேல் நடவடிக்கை என்று வழிமுறைகளைப் பட்டியலிட்டது. 2025 அக்டோபரில், இதற்கென்று தனிச் சட்டம் கொண்டு வரப் பரிந்துரை செய்ய ஓய்வு பெற்ற நீதிபதி கே.என்.பாஷா தலைமையில் ஆணையம் அமைக்கப்படும் என்று தமிழக அரசு அறிவித்தது. பாதுகாப்பு இல்லம் என்பது பூட்டு போட்ட ஓர் அறை, ஒரு காவலர், எப்போதும் எடுக்கப்படும் ஒரு தொலைபேசி. 2003இல் கடலூரில் அந்த மூன்றும் இருந்திருந்தால் அந்த இருவரும் இன்று நாற்பதுகளில் இருந்திருப்பார்கள். அவர்களின் பிள்ளை இந்நேரம் காலேஜில் படித்துக் கொண்டிருக்கலாம்.

சிதம்பரத்துக்கே உரிய இன்னொரு கதையோடு முடிக்கலாம். தில்லைக்கு நாளைப் போவேன், நாளைப் போவேன் என்று ஏங்கிக் கிடந்த நந்தனும் ஒரு காதலன்தான், காதலி இடத்தில் தில்லைக் கூத்தன். பிறப்பு தடுத்தது. தீயில் இறங்கித்தான் உள்ளே போக முடிந்தது என்கிறது பெரிய புராணம். இறைவன் சித்தம் என்று எத்தனையோ பேர் கண்ணீர் விட்டார்கள். தீ மூட்டச் சொன்ன ஏற்பாட்டைக் கேள்வி கேட்டவர்கள் குறைவு. 1916இல் சுவாமி சகஜானந்தர் அதே சிதம்பரத்தில் நந்தனார் பெயரில் கல்விப் பணியைத் தொடங்கினார். ஒடுக்கப்பட்ட பிள்ளைகள் படிக்கப் பள்ளிக்கூடம் எழுந்தது. கதையைக் கேட்டு அழுதவர்கள் ஆயிரம், கதையைக் கேட்டுப் பள்ளிக்கூடம் கட்டியவர் ஒருவர். யார் கதையைச் சரியாகப் படித்தவர்?

அடுத்த முறை வகுப்பிலோ மேடையிலோ ஒரு காதல் சோகத்துக்கு "விதி" என்று யாராவது காரணம் சொன்னால், மூன்றே மூன்று கேள்வி கேளுங்கள். புகார் கொடுத்தது யார்? விசாரிக்காமல் விட்டது யார்? பார்த்துக் கொண்டிருந்தது யார்? மூன்றுக்கும் பெயர் எழுதிய பிறகும் ஏதாவது பாக்கி மிஞ்சினால், அதை வேண்டுமானால் விதியின் கணக்கில் போட்டுக் கொள்ளட்டும்.